கைமாறும் வேலை, கைமாறாத காரணம்



ஒரு திட்டக்குழுவிலிருந்து ஒருவர் விலகும்போது, அவர் அறிந்ததை மற்றவர்களிடம் எப்படிச் சேர்ப்பது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது சிறிய பொருள் என்று சிலருக்குத் தோன்றலாம். சென்னையில் மென்பொருள் சேவைத் தொழிலில் என் வேலைக்காலம் கழிந்தது. அங்கே நான் கண்ட வீண் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஓரிடத்தில்தான் நடந்தது. திறமையான பிள்ளைகள் இரவிரவாக விழித்திருந்து, முன்பு ஒருவர் கண்டுபிடித்ததையே மறுபடி கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு வருத்தமும் கோபமும் வந்திருக்கின்றன. இரண்டும் இன்னும் ஆறவில்லை.

மாணவர்களே, உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் பழைய மகாபலிபுரம் சாலையிலோ, கோவையிலோ, பெங்களூரிலோ வேலையில் இருப்பீர்கள். சேர்ந்த முதல் மாதமே 'கேடி' என்று சொல்லக் கேட்பீர்கள். நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பதைத்தான் தொழிலில் அப்படிச் சொல்கிறோம். ஒருவர் ராஜினாமா செய்ததும் அவருடைய மேலாளர் ஓர் எக்செல் தாளைத் திறப்பார். தலைப்பு, சொல்பவர், கேட்பவர், தேதி, முடிந்ததா இல்லையா என்று கட்டங்கள் இருக்கும். கடைசி இரண்டு வாரங்களுக்கு டீம்ஸ் அழைப்புகள் வரிசையாக நடக்கும். விலகுகிறவர் திரையைப் பகிர்ந்து பேசுவார். ஐந்தாறு பேர் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். எல்லாம் பதிவாகி ஷேர்பாயின்டில் போய்ச் சேரும். 'ஏதாவது சந்தேகம் உண்டா' என்று அவர் கேட்பார். யாருக்கும் சந்தேகம் இருக்காது. கட்டங்கள் எல்லாம் பச்சையாகும். மடிக்கணினியை ஒப்படைத்து, விடுவிப்புக் கடிதம் வாங்கிக்கொண்டு அவர் போய்விடுவார்.

அடுத்து வரும் மாதக் கடைசியில் ஒரு வேலை பாதியில் நிற்கும். ஏன் நின்றது என்று ஒருவருக்கும் தெரியாது. பதிவான காணொளிகளில் அதற்கு விடை இருக்காது. 'போனவன் சரியாகச் சொல்லிக்கொடுக்காமல் போய்விட்டான்' என்று பேச்சு எழும்.

அந்தப் பேச்சு தவறு என்பதே நான் இன்று சொல்ல வந்தது. விலகுகிறவர் சொல்லாமல் போனதற்குக் காரணம் அசட்டையோ வஞ்சமோ அல்ல. தனக்கு என்ன தெரியும் என்பது அவருக்கே முழுதாகத் தெரியாது. பல ஆண்டுகள் ஒரு வேலையில் ஊறியவருக்கு அதில் எது விசேஷம், எது சாதாரணம் என்ற வேறுபாடு மறைந்துபோயிருக்கும். அவரிடமிருந்து அதை வாங்க வேண்டியவர்கள் அங்கேயே இருக்கப்போகிறவர்கள். நம் நிறுவனங்களில் சுமை முழுவதையும் கொடுப்பவர் தலையில் வைத்திருக்கிறோம். வாங்குபவருக்கு மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு கடமை எதுவும் இல்லை.

இது என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்வதல்ல. பீட்டர் நவுர் என்ற டென்மார்க் அறிஞரை உங்கள் ஆசிரியர்கள் அறிவார்கள். நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் பேக்கஸ்–நவுர் வடிவத்தில் வரும் நவுர் அவர்தான். 2005-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது அவருக்குக் கிடைத்தது. நிரல் எழுதுவது என்பது உண்மையில் ஒரு கோட்பாட்டை மனத்தில் கட்டுவது என்று வாதிட்டு அவர் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சில பக்கங்களே உள்ள கட்டுரை. என் தொழிலில் நான் படித்தவற்றில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்று நினைக்கிறேன். கணிப்பொறித் துறை மாணவர்கள் பட்டம் வாங்குமுன் இதைப் படிக்க வேண்டும்.

அதில் நவுர் ஓர் உண்மை நிகழ்ச்சியை விவரிக்கிறார். ஒரு குழு, அதை முதற்குழு என்போம், ஒரு நிரல்மொழிக்கு மிக நன்றாக ஒரு கம்பைலரை, அதாவது அந்த மொழியில் எழுதிய நிரலைக் கணிப்பொறிக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருளை, எழுதியிருந்தது. வேறு இடத்தில் இருந்த இன்னொரு குழுவுக்கு அதே மொழியைச் சற்று விரிவாக்கி வேறொரு கணிப்பொறிக்குக் கம்பைலர் எழுதும் வேலை வந்தது. புதிதாகத் தொடங்காமல், முதற்குழுவின் கம்பைலரையே எடுத்து விரிவாக்கலாம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். இரு குழுக்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. நிரல் முழுவதும் விளக்கக் குறிப்புகளோடு கொடுக்கப்பட்டது. வடிவமைப்பின் காரணங்களை விவாதிக்கும் ஆவணங்களும் கொடுக்கப்பட்டன. வேண்டும்போது ஆலோசனை சொல்லவும் முதற்குழு தயாராக இருந்தது. கைமாற்றத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நாம் கனவிலும் காண முடியாது.

விளைவு என்ன? இரண்டாம் குழு தன் வடிவமைப்புகளை முதற்குழுவிடம் காட்டியது. பல முக்கியமான இடங்களில், கம்பைலரின் கட்டமைப்புக்குள்ளேயே இருந்த வசதிகளை அவர்கள் பயன்படுத்தவே இல்லை. ஆவணங்களில் நீளமாகப் பேசப்பட்ட வசதிகள் அவை. அவற்றை விட்டுவிட்டு, மேலே ஒட்டுப்போட்டு வேலையை முடிக்கப் பார்த்தார்கள். அந்த ஒட்டுகள் கட்டமைப்பின் வலிமையையும் எளிமையையும் அழித்துவிடும். முதற்குழுவினர் அதைப் பார்த்த கணத்திலேயே கண்டுகொண்டார்கள். பழைய கட்டமைப்புக்குள்ளேயே அடங்கும் எளிய தீர்வுகளையும் அங்கேயே சொன்னார்கள். நிரல் இருந்தது, ஆவணம் இருந்தது, படித்தவர்களும் திறமைசாலிகள். இருந்தும் அது கைமாறவில்லை.

கதையின் பின்பகுதி இன்னும் கனமானது. பிற்காலத்தில் அந்தக் கம்பைலர் இரண்டாம் நிறுவனத்திலேயே வேறு ஆட்களின் கைக்குப் போனது. அவர்களுக்கு முதற்குழுவின் வழிகாட்டல் கிடைக்கவில்லை. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அதன் நிலை முதற்குழுவில் இருந்த ஒருவருக்குத் தெரியவந்தது. மூலக் கட்டமைப்பு கண்ணுக்குத் தெரிந்ததாம். ஆனால் உருவமற்ற ஒட்டுகளால் சூழப்பட்டு, அதற்கு ஒரு பயனும் இல்லாமல் போயிருந்தது. நம் வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் இன்று ஓடிக்கொண்டிருக்கும் பல நிரல்களின் நிலை இதுதான். அவற்றைப் பராமரித்தவர்களில் ஒருவனாகச் சொல்கிறேன்.

நவுர் இதிலிருந்து எடுத்த முடிவு கடுமையானது. நிரலின் கோட்பாட்டை மனத்தில் வைத்திருந்த குழு கலைந்தால் அந்த நிரல் இறந்துவிடுகிறது, ஆவணங்களைக் கொண்டு மட்டும் அதை உயிர்ப்பிக்க முடியாது, புதுக்குழுவைப் புதிதாக எழுதச் சொல்வதே நல்லது என்கிறார். இவ்வளவு தூரம் நான் அவரோடு போகமாட்டேன். மூலக்குழுவில் ஒருவரும் எஞ்சாத நிரல்களைப் பொறுமையுள்ள சிலர் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது கைகூடியது வெறும் படிப்பால் அல்ல. சிறு மாற்றம் செய்து, அது உடைவதைக் கண்டு, ஏன் உடைந்தது என்று தேடிப்போனதால் கைகூடியது.

மென்பொருளை விட்டு வெளியே வருகிறேன். 'ஃபாக்பேங்க்' என்ற மறைபெயர் கொண்ட ஒரு பொருள் அமெரிக்காவில் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பல் ஏவுகணைகளில் பொருத்தப்படும் டபிள்யூ 76 என்னும் அணு வெடிமுனைக்கு அது தேவை. அது என்ன பொருள் என்பது இன்றும் இரகசியம். அணு ஆயுதம் உலகில் இருக்கவே கூடாது என்று நினைப்பவன் நான். அந்த வேலையைப் போற்றி இதைச் சொல்லவில்லை. கைமாற்றம் தவறிய கதை இவ்வளவு தெளிவாக அரசாங்க அறிக்கைகளிலேயே பதிவாகியிருப்பது அரிது என்பதால் எடுத்துக்கொள்கிறேன்.

டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் உள்ள ஒய்-12 வளாகத்தில் 1975 முதல் 1989 வரை அந்தப் பொருளைத் தயாரித்தார்கள். பிறகு தேவை முடிந்தது என்று நிறுத்தினார்கள். தயாரித்த கட்டடத்தையும் மூடிவிட்டார்கள். 2000-ஆம் ஆண்டில் பழைய வெடிமுனைகளின் ஆயுளை நீட்டிக்கும் திட்டம் வந்தது. ஃபாக்பேங்க் மறுபடி வேண்டியிருந்தது. தேடிப் பார்த்தால் செய்முறைக் குறிப்புகள் மிகக் குறைவாகவே இருந்தன. செய்யத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ அனைவரும் ஓய்வு பெற்றோ விலகியோ போயிருந்தார்கள். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2009 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இது இருக்கிறது. இந்தச் சிக்கலைத் தீர்க்கக் கூடுதலாக 6.9 கோடி டாலர் செலவானது என்றும் திட்டம் தாமதமானது என்றும் அது குறிப்பிட்டது.

இதுவரை கேட்டால், 'எழுதி வைத்திருக்க வேண்டும்' என்று தோன்றும். பிறகு நடந்ததைக் கேளுங்கள். புதிய ஆலை கட்டி, பழைய முறையை முடிந்த அளவு அப்படியே பின்பற்றித் தயாரித்தார்கள். தரம் வரவில்லை. நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு காரணம் தெரிந்தது. முற்காலத்தில் ஒரு மூலப்பொருளோடு சேர்ந்து ஒருவகை மாசும் வந்துகொண்டிருந்தது. இறுதிப் பொருள் சரியாக அமைவதற்கு அந்த மாசு தேவைப்பட்டது. புதிய காலத்தில் சுத்திகரிப்பு முறை முன்னேறிவிட்டதால் மாசு நீங்கிவிட்டது. பொருளும் கெட்டது. பழைய பணியாளர்களுக்கு இது தெரியவே தெரியாது. அந்த மாசு வேலை செய்துகொண்டிருந்ததை அறியாமலேயே அவர்கள் 14 ஆண்டுகள் வெற்றிகரமாகத் தயாரித்திருக்கிறார்கள். அவர்களில் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஆயிரம் பக்கம் எழுதச் சொல்லியிருந்தாலும் இந்த ஒரு வரி வந்திருக்காது.

எழுத்தில் வராத அறிவை ஓர் ஆய்வும் காட்டியது. ஹாரி காலின்ஸ் என்ற பிரிட்டன் சமூகவியலாளர் 1970-களின் தொடக்கத்தில், ஒருவகை லேசர் கருவியைச் செய்ய முயன்ற ஆய்வகங்களைப் போய்ப் பார்த்தார். அச்சில் வந்த கட்டுரைகளை மட்டும் படித்து அதை ஓடவைத்தவர்கள் ஒருவரும் இல்லை. ஏற்கெனவே ஓடும் கருவி வைத்திருந்தவர்களோடு பழகியவர்களே வெற்றி பெற்றார்கள். அப்படிப் பழகியவர்களிலும் சிலர் தோற்றார்கள். கைமாறும் அறிவில் ஒரு பங்கு, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமலேயே கைமாறுகிறது. இருவரும் ஒரே கருவியின் முன் நின்றால்தான் அது நடக்கிறது.

இனி நம் அலுவலகத்துக்கே வருவோம். ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். இரவில் ஓடும் ஒரு பேட்ச் வேலை 2 மணி 40 நிமிடத்துக்குத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. விலகுகிறவர் 'இது 2.40-க்கு ஓடும்' என்று சொல்வார். ஆவணத்திலும் அது இருக்கும். ஏன் 2.30 இல்லை என்று அவர் சொல்லமாட்டார். காலாண்டு இறுதியில் வேறொரு நிறுவனத்திலிருந்து வரும் கோப்பு சில நிமிடங்கள் தாமதமாகும். என்றோ ஒருநாள் அது வராமலே வேலை ஓடி, கணக்கு தவறி, அவர் திட்டு வாங்கியிருப்பார். அன்று மாற்றிய எண் அது. மாற்றிய கையோடு அவர் மறந்தும் போயிருப்பார். புதிதாக வந்தவர் அட்டவணையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று அதை 2.30 ஆக்குவார். இரண்டு மாதம் ஒன்றும் ஆகாது.

இதை விலகுகிறவரின் வாயிலிருந்து எப்படி வரவழைப்பது? 'எல்லாவற்றையும் சொல்லுங்கள்' என்றால் வராது. அந்த அட்டவணையின் முன் உட்கார்ந்து, 'இதை 2.30 ஆக்கினால் என்ன ஆகும்?' என்று கேட்டால் வரும். பதறிப்போய், 'ஐயோ, அதை மட்டும் தொடாதே' என்பார். பிறகு காரணத்தைச் சொல்வார். அறிவைத் திறக்கும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? கடைசியாக இது எப்போது உடைந்தது? அன்று இரவு நீங்கள் முதலில் எதைப் பார்த்தீர்கள்? யாருக்குப் போன் செய்தீர்கள்? இதில் உங்களுக்கே பயம் தருவது எது?

கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் வரும் விடை பெரும்பாலும் பொன்னாக இருக்கும்.

கேள்வியைப் போலவே கதையும் அறிவைத் திறக்கும். ஜூலியன் ஆர் என்ற மானிடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பணியாளர்களோடு சேர்ந்து திரிந்து, அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஆராய்ந்தார். 1996-இல் அது நூலாக வந்தது. நிறுவனம் கொடுத்த கையேட்டில் இல்லாத பழுதுகளை அவர்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்லித் தீர்த்துக்கொண்டார்கள். 'அந்த ஆபீஸில் ஒருமுறை இப்படி ஆனது' என்று உணவு மேசையில் தொடங்கும் கதைகள் அவை. நேர்த்தியான ஸ்லைடுகளைவிட, ஒரு பழுது நேர்ந்த இரவின் கதையில் அறிவு அதிகம் தங்கியிருக்கிறது. எது எதோடு தொடர்புடையது, எந்தச் செய்தியை நம்பக்கூடாது, எந்த அதிகாரி நள்ளிரவில் எழுந்து உதவுவார் என்பதெல்லாம் கதையோடு சேர்ந்தே வந்துவிடும்.

ஆகவே நான் நடத்திய குழுக்களில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டோம். ஒருவர் ராஜினாமா செய்த நாளிலிருந்து அவர் விசைப்பலகையைத் தொடுவதில்லை. வழக்கமான வேலை, அவசர வேலை, வெளியீடு எல்லாவற்றையும் அடுத்தவர் செய்வார். விலகுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், கேட்டால் மட்டும் பேசுவார். வேண்டுமென்றே சில சிறு மாற்றங்களை அந்தக் காலத்துக்கு ஒதுக்கி வைப்போம், அடுத்தவர் அவற்றைச் செய்து பார்ப்பதற்காக. ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவரே எழுதி வைப்பார். இதைத் தொழிலில் 'ரிவர்ஸ் கேடி' என்கிறோம் என்று சிலர் சொல்லக்கூடும். பல இடங்களில் அந்தப் பெயரில் நடப்பது, கேட்டவர் அதே ஸ்லைடுகளைத் திருப்பி ஒப்பிப்பதுதான். ஒப்பிப்பதால் புரிந்ததா இல்லையா என்று தெரியாது. கையை வைத்தால் தெரியும்.

இவ்வளவு எளிதானது என்றால் ஏன் எல்லா இடத்திலும் நடப்பதில்லை? பணம்தான் காரணம். நம் சேவை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பலவற்றில் வாடிக்கையாளர் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கிறார். ஓர் இடத்துக்கு இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்குத்தான் காசு. மற்றவர் 'நான்-பில்லபிள்'. அவருடைய சம்பளம் திட்டத்தின் இலாபத்திலிருந்து போக வேண்டும். எந்த மேலாளரும் அதைக் கடைசி வரை தள்ளிப்போடத்தான் பார்ப்பார். இதோடு இன்னொரு வேடிக்கையும் சேர்கிறது, வருத்தமான வேடிக்கை. பல பெரிய நிறுவனங்களில் அறிவிப்புக் காலம் 90 நாள். விலகுகிறவர் 90 நாள் இருந்து அறிவைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். வெளியிலிருந்து அவருடைய இடத்துக்கு எடுக்கப்படுகிறவரும் தன் பழைய நிறுவனத்தில் 90 நாள் முடித்துவிட்டுத்தான் வர முடியும். தேர்வுக்கும் பேரத்துக்கும் சில வாரங்கள் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இவர் வாசல் வழியே வெளியே போன பிறகுதான் அவர் உள்ளே வருவார். இருவரும் ஒரே மேசையில் உட்காரும் நாள் ஒன்றுகூட இல்லை. இடையில் நிற்கும் ஒருவர், தன் வேலையைப் பார்த்துக்கொண்டே, ஒருவரிடம் வாங்கி இன்னொருவரிடம் கொடுக்கிறார். நான் சொன்னேனே, கொடுப்பவருக்கும் தெரியாமல் கைமாறும் பங்கு என்று, அது முதலில் உதிர்வது இந்த இடத்தில்தான்.

2022-ஆம் ஆண்டின் நடுவில் நாட்டின் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் சிலவற்றில் ஓராண்டில் விலகியவர்களின் விழுக்காடு 20-ஐத் தாண்டியது. ஐந்தில் ஒருவருக்கு மேல். அந்த நாளில் 90 நாளைக் குறைப்பதா கூட்டுவதா என்றே விவாதம் நடந்தது. நாள்களின் எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? விலகுகிறவரும் வருகிறவரும் ஒன்றாக வேலை செய்யும் இரண்டு வாரம் கிடைத்தால், தனியே கழியும் 90 நாளைவிட அது மேல். அந்த இரண்டு வாரச் சம்பளத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வாடிக்கையாளரிடம் பேசி அதை எழுதவைத்த இடங்கள் எனக்குத் தெரியும். கேட்டால் கொடுக்கிறார்கள், ஏனென்றால் தவறினால் நட்டம் அவர்களுக்குத்தான்.

விலகுகிறவரோடு அறிவும் போய்விடும் நிலை திறந்தமூல மென்பொருள்களிலும் உண்டு. எத்தனை பேர் விலகினால் ஒரு திட்டம் முடங்கும் என்று பிரேசில் ஆய்வாளர்கள் 2016-இல் கணக்கிட்டார்கள். கிட்ஹப்பில் புகழ்பெற்ற 133 திட்டங்களை எடுத்துக்கொண்டதில், 65 விழுக்காட்டில் அந்த எண் இரண்டு அல்லது அதற்கும் குறைவு. உலகம் முழுவதும் பயன்படுத்தும் மென்பொருள்கள் ஓரிருவரின் தலைக்குள் இருக்கின்றன.

எழுதி வைப்பதே வீண் என்று நான் சொல்வதாக நினைத்துவிடக் கூடாது. எதை எழுதுவது என்பதில்தான் என் வாதம். இதற்குத் தமிழிலேயே மிகப்பெரிய சான்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் என்ற பாதிரியார் அகராதிக்காகச் சொற்களைத் திரட்டத் தொடங்கினார். அதை முடிக்காமலே இறந்தார். அவர் திரட்டியவை பலர் கைமாறி, மிரன் வின்சுலோவிடம் வந்து, 67,000-க்கு மேற்பட்ட சொற்களோடு 1862-இல் சென்னையில் தமிழ்–ஆங்கில அகராதியாக அச்சாயின. அதை விரிவாக்க வேண்டும் என்று ஜி. யு. போப் விரும்பினார். அவரும் 1908-இல் மறைந்தார். 1913-இல் சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு புதிய அகராதிப் பணி தொடங்கியது. முதல் பகுதி 1924-இல் வெளிவருமுன்பே அவர் விலகிவிட்டார். 1926 முதல் எஸ். வையாபுரிப்பிள்ளை பதிப்பாசிரியரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆறு தொகுதிகளாக 1936-இல் முடிந்தது. பிற்சேர்க்கை 1939-இல் வந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள், நூறு ஆண்டுகளுக்கு மேல் கைமாறிய உழைப்பு. தொடங்கியவர் முடிவைப் பார்க்கவில்லை, முடித்தவர் தொடங்கியவரைப் பார்க்கவில்லை.

லெக்சிகனை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைப் பாருங்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்னதும், அந்தப் பொருளில் அது ஆளப்பட்ட வரியும், பிறைக்குறிக்குள் அதன் இடமும் வரும். எந்த நூல், எந்தப் பாட்டு என்று சுருக்கக் குறியீட்டில் இருக்கும். 'நான் ஏன் இந்தப் பொருளைக் கொடுத்தேன்' என்பதற்கு அதுதான் விடை. எழுதியவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் அந்தப் பாட்டைப் புரட்டிப் பார்க்கலாம், உடன்படாவிட்டால் திருத்தலாம். பின்னால் வருகிறவர் முன்னால் போனவரோடு வாதாடுவதற்கு வேண்டியதை அந்தப் பிறைக்குறி கொடுத்துவிடுகிறது. வேலையைத் தொடர்வதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

மென்பொருளில் இதற்கு நெருங்கிய ஒன்றை மைக்கேல் நைகார்ட் என்ற பொறியாளர் 2011-இல் முன்வைத்தார். ஒவ்வொரு முக்கியமான வடிவமைப்பு முடிவுக்கும் ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு குறிப்பு. சூழ்நிலை என்னவாக இருந்தது, என்ன முடிவு செய்தோம், அதனால் என்ன விளையும். நிரலோடு சேர்த்தே அது வைக்கப்படும். பழைய முடிவு மாறினால் பழைய குறிப்பை அழிப்பதில்லை. இன்னது இதை மாற்றியது என்று எழுதி அடுத்த குறிப்பு வரும். முடிவு எடுத்த அன்றே எழுத வேண்டும் என்பதுதான் இதில் உயிர்நாடி. விலகும் வாரத்தில் எழுதினால், 2.40 என்ற எண்ணின் கதையைப் போலக் காரணம் மறந்துபோயிருக்கும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். நம் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பேசத் தயங்குகிறோம். இதுவரை விலகுகிறவர் தானாக விலகுகிறார் என்று வைத்துப் பேசினேன். இந்திய மென்பொருள் சேவைத் தொழில் வளர்ந்த விதத்தில், முதல் கேடி பெரும்பாலும் வேறுவிதமாகவே நடந்தது. கடலுக்கு அப்பால் ஒருவர் வேலை இழக்கிறார். அவருடைய வேலையைக் கற்றுக்கொள்ள நம் பிள்ளை விமானம் ஏறிப் போகிறான். 2015-இல் ஃபுளோரிடாவில் ஒரு பெரிய பொழுதுபோக்கு நிறுவனத்தில் ஏறத்தாழ 250 தொழில்நுட்பப் பணியாளர்கள் வேலையிழந்ததும், அவர்களில் பலர் தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டியிருந்ததும் செய்தித்தாள்களில் வந்தன. அது நம் தொழிலுக்குப் புதிய செய்தி அல்ல. அந்த அறைகளில் உட்கார்ந்தவர்களிடம் கேளுங்கள். எதிரில் இருப்பவருக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார். கேட்டதற்கு மட்டும் விடை வரும்.

அந்த மனிதரிடமிருந்து அறிவை வாங்க எக்செல் தாள் உதவாது. அவர் செய்த வேலையின் அருமை எதிரில் இருப்பவருக்குத் தெரிகிறது என்று அவருக்குப் பட வேண்டும். ஒருமுறை அப்படி ஓர் அறையில் எங்கள் குழுவிலிருந்த இளம்பெண் ஒருத்தி, பழைய கோபோல் நிரல் ஒன்றைக் காட்டி, 'இந்த இடத்தை எப்படி இவ்வளவு சுருக்கமாக எழுத முடிந்தது?' என்று உண்மையான வியப்போடு கேட்டாள். அவர் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். மறுநாள் வீட்டிலிருந்து தன் சொந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் குறிப்பேடு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

இங்கும் நிலை அவ்வளவு வேறுபட்டதில்லை. ராஜினாமா செய்தவரைத் துரோகியைப் போலப் பார்க்கும் குழுக்கள் இருக்கின்றன. மறுநாளே மின்னஞ்சல் குழுக்களிலிருந்து அவரை எடுத்துவிடுகிறார்கள். கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. ஆண்டு ஊதிய உயர்வில் அவருடைய பெயரைக் கடைசியில் தள்ளுகிறார்கள். பிறகு அவரிடமே 'எல்லாவற்றையும் மனம்விட்டுச் சொல்லிக்கொடு' என்கிறார்கள். எந்த முகத்தோடு கேட்கிறோம்? கைமாற்றம் நன்றாக நடந்த குழுக்கள் எல்லாம், விலகியவர் பிறகும் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய நண்பராக இருந்த குழுக்கள்தாம். இதற்கு விதிவிலக்கை நான் பார்த்ததில்லை.

இந்தக் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். சொல்லிக்கொடுப்பதற்கு ஆசிரியர்கள் பயிற்சி பெறுகிறார்கள். விலகுகிற ஒருவரிடமிருந்து கேட்டு வாங்குவதற்கு எங்கும் பயிற்சி இல்லை. நம் பாடத்திட்டத்தில் அதற்கு இடமே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் இறுதியாண்டு மாணவர்கள் ஒரு புராஜெக்ட் செய்கிறார்கள். அறிக்கை கெட்டி அட்டை போட்டு நூலக அலமாரிக்குப் போகிறது, நிரல் யாருடைய மடிக்கணினியிலோ போகிறது. மே மாதத்தோடு அது முடிந்தது. அடுத்த அணி முதலிலிருந்து தொடங்குகிறது.

ஒவ்வொரு துறையிலும் நான்கைந்து புராஜெக்ட்டுகளையாவது அடுத்த அணிக்குக் கொடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் டிசம்பரிலேயே சேரட்டும். பிப்ரவரி முழுவதும் அவர்கள் நிரலை மாற்றட்டும். மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசட்டும். இளையவர்கள் கேட்ட கேள்விகளின் நோட்டுக்கு மதிப்பெண் இருக்கட்டும். நேர்முகத் தேர்வுக்கு வரும் வெளித்தேர்வாளர், மூத்தவர்கள் எடுத்த முடிவுகளின் காரணத்தை இளையவர்களிடம் கேட்கட்டும். அவர்கள் சொல்லும் விடையில் ஒரு பங்கு மூத்தவர்களின் மதிப்பெண்ணாகட்டும். இதற்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டியிருந்தால், அகமதிப்பெண்ணுக்குள் வைத்துத் தொடங்கலாம். கணிப்பொறித் துறைத் தலைவரிடம் காலையில் இதைப் பற்றிப் பேசினேன். இந்த டிசம்பரில் இரண்டு புராஜெக்ட்டுகளோடு ஆரம்பிக்கலாம் என்றார்கள். முதல் பிப்ரவரியில் அந்த மேசைகளுக்குப் பக்கத்தில் உட்கார நானும் வருகிறேன்.